மகள் படிக்க விரும்பிய பாடம்



இசையைப் பற்றி நம் இல்லங்களில் பேச்செழுந்தால் அது பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும். ஹராம் என்று ஒருவர் சொல்வார். அப்படியானால் நாகூர் ஹனிபாவும் ஹராமா என்று மற்றொருவர் கேட்பார். அதற்குள் தேநீர் வந்துவிடும். பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் கடந்த ஓராண்டாக அவ்வாறு பேச்சைத் திருப்ப இயலவில்லை. இளங்கலைப் பட்டம் முடித்த என் மகள், மேற்படிப்புக்கெனத் தேர்ந்தெடுத்தது உலக மக்களின் வெகுசன இசையைப் பற்றிய ஆய்வுப் படிப்பு. அதிலும் ஆங்கிலம் பேசும் நாடுகளின் இசையன்று. கெய்ரோவிலும் ஜாவாவிலும் தக்காரிலும் நம் நாகூரிலும் எளிய மக்கள் கேட்டு வளர்ந்த இசை.

இது பாடகியாவதற்கான படிப்பன்று; வாத்தியம் பயில்வதற்கானதும் அன்று. எந்தப் பாடலை யார் இயற்றினார், யார் பாடினார், எந்த மக்கள் அதைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டனர், இசைத்தட்டும் வானொலியும் ஒலிநாடாவும் அதை எவ்வாறு ஊர் ஊராகச் சுமந்து சென்றன என்பவற்றை ஆராய்வது. இவ்வளவையும் எனக்கு விளக்கிவிட்டு, "வாப்பா, நீங்க சரின்னு சொன்னாத்தான் விண்ணப்பம் போடுவேன்" என்றாள். பிள்ளைகள் இப்படிச் சொல்லும்போதுதான் தந்தைக்குப் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

நாங்கள் நாகூரைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். தோல் ஏற்றுமதி நிறுவனமொன்றில் கணக்கராக நான் சென்னைக்கு வந்து, அபிராமபுரத்தில் ஓர் அடுக்ககத்தில் குடியமர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குடும்பத்தில் பெரிய முடிவு எதுவாயினும் ஊரிலிருக்கும் நானாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்வதில்லை. நானா மதரஸாவில் ஓதியவர். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்புண்டு. தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

"புள்ள படிக்கட்டும், தம்பி. ஆனா என்ன படிக்குதுன்னு பார்க்க வேணாமா?" என்றார்.

நானாவின் வாதத்தை நான் இங்கே குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சூரா லுக்மானின் ஆறாவது வசனத்தில் வரும் வீண் பேச்சு என்ற சொல்லுக்குப் பாட்டு என்றே இப்னு மஸ்ஊத் (ரலி) விளக்கமளித்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இசைக்கருவிகளை ஆகுமாக்கிக் கொள்ளும் கூட்டத்தாரைப் பற்றிய எச்சரிக்கை புகாரியில் இருக்கிறது என்றார். நாம் ஷாஃபி மத்ஹபினர். நம் மத்ஹபின் நூல்கள் நரம்புக் கருவிகள் விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பானவை என்பதை நினைவூட்டினார். இறுதியாக, கிதாபுகளில் இல்லாத ஒன்றையும் கேட்டார்: "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவே?" உண்மையைச் சொன்னால், என்னை அதிகம் கலங்கச் செய்தது இந்தக் கடைசிக் கேள்விதான்.

உடனே பதில் சொல்ல வேண்டாம், அவள் படிக்க விரும்புவது என்னவென்று அவளுடன் சேர்ந்து நானும் சில மாதங்கள் படித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம், வாரத்தில் நான்கு நாட்கள். கணக்கெழுதிப் பழகிய எனக்கு அது புதிய அனுபவம்.

இந்தத் துறையே வயதில் இளையது. 'இன இசையியல்' என்று நாம் சொல்லும் பெயரை யாப் குன்ஸ்ட் என்ற டச்சு அறிஞர் 1950-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஜாவாவின் இசையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் அவர். நெடுங்காலம் அத்துறையினர் செவ்வியல் இசையையும் நாட்டுப்புற இசையையுமே ஆராயத் தக்கவையாகக் கருதினர். கடைத்தெருவில் ஒலிபெருக்கியில் கேட்கும் பாட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. வெகுசன இசை ஆய்வுக்கென்று உலகளாவிய சங்கம் 1981-இல் தோன்றியபோது, அங்கே பெரும்பாலும் ஆங்கிலப் பாடல்களே பேசுபொருளாயின. இடைவெளி அவ்வளவு பெரிது. மேற்கல்லாத உலகின் வெகுசன இசைகளைத் தொகுத்து அறிமுகம் செய்யும் நூலைப் பீட்டர் மானுவேல் என்ற அமெரிக்க அறிஞர் 1988-இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியில் கூடிய சிறிய இசைத்தட்டு நிறுவனத்தார், ஆங்கிலமல்லாத எல்லாவற்றையும் கடையில் ஒரே அடுக்கில் வைத்து விற்க 'உலக இசை' என்று பெயர் சூட்டினர். உலகின் பெரும்பாலான மக்கள் பாடுவதெல்லாம் ஒரே அடுக்குக்குள்! விற்பனையாளருக்கு வசதிதான், ஆனால் அது எதையும் அறிந்துகொள்ளும் வழியாகாது.

நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டது எகிப்தின் உம்மு குல்தூமை. நைல் ஆற்றின் கழிமுகத்தில் ஒரு சிற்றூரின் பள்ளிவாசல் இமாமுக்குப் பிறந்தவர். ஊர்க் கிதாப் பள்ளியில் குர்ஆன் ஓதக் கற்றவர். திருமண வீடுகளிலும் மௌலிது மஜ்லிஸுகளிலும் தந்தையோடு சேர்ந்து மார்க்கப் பாடல்களைப் பாடச் சென்றபோது, பெண் குழந்தை சபையில் பாடுகிறதே என்ற பேச்சு எழாதிருக்க அவருக்கு ஆண் பிள்ளையின் உடையைத் தந்தை அணிவித்தார். பின்னாளில் மாதத்தின் முதல் வியாழன் இரவுகளில் அவர் பாடியதை வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. அரபு நாடுகள் முழுவதும் அந்த இரவுகளில் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தன. ஒரே பாட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும். 1975 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது கெய்ரோவின் வீதிகளில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். அவரைப் பற்றி விரிவான நூல் எழுதிய வர்ஜீனியா டேனியல்சன், அவருடைய சொல் சுத்தமும் மூச்சும் நிறுத்தமும் குர்ஆன் ஓதும் பயிற்சியிலிருந்தே வந்தவை என்று எகிப்தியர்கள் கருதுவதை எடுத்துக்காட்டுகிறார். மக்ரஜும் தஜ்வீதும் அறிந்த காதுகளுக்கு அது எளிதில் புலப்படும்.

ஒருநாள் இந்தப் பதிவு ஒலித்துக்கொண்டிருக்கையில் எதிர்வீட்டு மாமி வந்தார். இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மார்கழி பிறந்தால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. காலையில் ஒரு சபா, மாலையில் ஒரு சபா. வாசலிலேயே நின்று கேட்டவர், "என்ன பாய், இது நிரவல் மாதிரின்னா இருக்கு! அந்த ஒரு வரியை விடவே மாட்டேங்கறாளே" என்றார். உண்மைதான். ஒரே அடியை எடுத்துக்கொண்டு, சொல் மாறாமல் பண்ணை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவார் உம்மு குல்தூம். கேட்போர் ஆரவாரித்து மீண்டும் கேட்பர். அரபு மக்காம்களில் ஹிஜாஸ் என்பதன் கீழ்ப்பாதிச் சுரங்கள் நம் மாயாமாளவகௌளையின் கீழ்ப்பாதிச் சுரங்களே என்று மாமி ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டினார். கர்நாடக இசை பயிலும் குழந்தைகளுக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுக்கும் ராகம் அது. "உங்க பள்ளிவாசல்லே சாயங்காலம் கேக்கறதே, அதுகூட இந்த வாசனைதான்" என்றார்.

பாங்கை நாம் இசை என்று சொல்வதில்லை என்பதை மாமிக்கு விளக்கினேன். இங்கேதான் என் மகள் எனக்குப் புதிதாக ஒன்றைக் காட்டினாள். லூயிஸ் லம்யா அல்ஃபாரூகி என்ற அமெரிக்க முஸ்லிம் பெண் அறிஞர், 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில் முஸ்லிம் சமூகங்களின் ஒலிக்கலை முழுவதையும் ஓர் ஏணியாக அடுக்கிக் காட்டினார். உச்சியில் குர்ஆன் ஓதுதல். அதற்கு 'மூசீக்கி' என்ற பெயரே பொருந்தாது. அதன் கீழே பாங்கு, மார்க்கப் பைத்துகள், உயர்ந்த கருத்துகளைச் சொல்லும் கவிதை. பிறகு தாலாட்டு, திருமணப் பாட்டு, தொழிற்பாட்டு, போர்முரசு. இவற்றுக்கும் கீழேதான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுள்ள வகைகள். அடித்தட்டில், இச்சையைத் தூண்டுவதும் மதுவோடு சேர்ந்து வருவதுமான பாட்டு. அது விலக்கப்பட்டதென்பதில் ஐயமில்லை. ஹராமா ஹலாலா என்ற ஒற்றைக் கேள்விக்கு ஒற்றைப் பதிலை எதிர்பார்த்திருந்த எனக்கு, கேள்வியையே படிகளாகப் பிரித்துவைத்த இந்த ஏணி பெரிதும் உதவியது. இதை எழுதிய மறு ஆண்டே அவரும் அவர் கணவர் இஸ்மாயில் அல்ஃபாரூகியும் தம் வீட்டிலேயே கொலையுண்டனர். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

முன்னோரின் கருத்துகளும் ஒரே தன்மையானவை அல்ல. நம் மத்ஹபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, இனிய ஓசை என்பதற்காகவே ஒன்று விலக்கப்படுவதில்லை, அதனுடன் சேர்ந்து வருபவற்றாலேயே விலக்கப்படுகிறது என்ற போக்கில் வாதிடுகிறார். அதே மத்ஹபின் இப்னு ஹஜர் அல்ஹைதமி (ரஹ்) 16-ஆம் நூற்றாண்டில் இசைக்கு எதிராகவே தனிநூல் எழுதினார். அந்நூலில் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பேசுகிறார் என்பதை மகள் சுட்டிக்காட்டினாள். விலக்குவதற்கும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதும், அபூபக்ர் (ரலி) கடிந்துகொண்டபோது நபி (ஸல்) அவர்கள் அச்சிறுமியரை விட்டுவிடச் சொன்னதும் புகாரியிலேயே உள்ளன. நானாவுக்கும் இவை தெரியாதவை அல்ல. "அது தஃபு, அது பெருநாள், அது சின்னப் புள்ளைங்க" என்பது அவர் பதில். தீர்ப்பளிக்க நான் ஆலிம் அல்லன். இரு தரப்பும் இருக்கின்றன என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தோனேசியப் பகுதியைப் படித்த வாரங்கள்தாம் எனக்கு மிகவும் பிடித்தவை. 1975-இல் மத்திய ஜாவாவின் செமராங் நகரில், குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள் ஒன்பது பேர் 'நசீதா ரியா' என்ற குழுவாகச் சேர்ந்தனர். தொடக்கத்தில் தஃப் போன்ற ரெபானா மட்டுமே. பின்னர் வயலின், மாண்டலின், மின்கித்தார் எல்லாம் சேர்ந்தன. தலைமறைப்போடு மேடையேறும் அப்பெண்கள் பாடியவை போர், சுற்றுச்சூழல், அமைதி. அமைதியைப் பற்றிய அவர்களுடைய பாடல் 1982-இல் நாடு முழுவதும் பரவியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2022-இல், ஜெர்மனியின் காஸல் நகரில் நடந்த புகழ்பெற்ற கலைவிழாவுக்கும் அவர்கள் அழைக்கப்பட்டனர். நம் ஊர்ப் பெண்கள் மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் இப்படி மேடையேறுவதை நினைத்துப் பார்க்க முடியுமா என்று என் மனைவி கேட்டாள். முடியாதுதான். ஆனால் ஜாவாவில் நம்மைப் போன்றே ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் அதை முடியும் என்று கண்டிருக்கின்றனர் என்பது அறிந்துகொள்ள வேண்டிய செய்தியல்லவா?

அதே நாட்டில் ரோமா இராமா என்பவர் 1970-களில் தம் குழுவை 'முஸ்லிம்களின் ஓசை' என்று அறிவித்துக்கொண்டார். அவர் பாடிய வகைக்கு 'டங்டுட்' என்று பெயர். தபலாவைப் போன்ற தோற்கருவி எழுப்பும் 'டங்', 'டுட்' என்ற ஒலியே பெயராயிற்று. அதன் வேர்களில் ஒன்று இந்தித் திரைப்பாட்டு. மலாயாவின் பி. ராம்லி (1929-1973) பினாங்கில் பிறந்தவர். அவரை இயக்கியவர்களுள் ஒருவரான எல். கிருஷ்ணன் நம் சென்னையில் பிறந்தவர். ஆக, கடலுக்கு அப்பால் கேட்பதெல்லாம் அந்நியம் என்று தள்ளிவிட முடியாது; நம்முடையதும் அதில் கரைந்திருக்கிறது.

இனிமையான கதைகள் மட்டுமே உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். அல்ஜீரியாவின் ராய் பாடகர் செப் ஹஸ்னி 1994-இல் ஓரான் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நபிபுகழ்க் கவ்வாலிகளைப் பாடிய சாப்ரி குடும்பத்தின் அம்ஜத் சாப்ரி 2016 ரமழானில் கராச்சியில் சுடப்பட்டு இறந்தார். செனகலின் யூசு ந்தூர், தம் நாட்டு இறைநேசர்களைப் புகழ்ந்து எகிப்திய இசைக்குழுவுடன் பாடிய தொகுப்பை 2004-இல் வெளியிட்டபோது, கேளிக்கைப் பாடகர் மார்க்கத்தைப் பாடுவதா என்று சொந்த நாட்டிலேயே எதிர்ப்பு வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் கிராமி விருது கிடைத்தது. வெளியார் தரும் விருதா, சொந்த மக்களின் மனக்குறையா, எது பெரிது? இதை எழுதப் புகும் மாணவிக்கு எத்தகைய நிதானம் வேண்டும் என்பதை நினைத்தபோது, வேறு யாரோ எழுதுவதைவிட ஐவேளை தொழும் ஒரு பெண் எழுதுவது நல்லது என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது.

இதற்கிடையில் மகள் தன் ஆய்வுப் பொருளை உறுதிசெய்திருந்தாள்: தமிழ் முஸ்லிம்களின் இசைத்தட்டும் ஒலிநாடாவும். அதன் நடுவில் இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா. 1925-இல் பிறந்து 2015 ஏப்ரலில் மறைந்த அம்மனிதரின் வெண்கலக் குரல் நம் கந்தூரிகளிலும் மீலாது மேடைகளிலும் ஒலித்தது. அதே குரல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைகளிலும் ஒலித்தது. 1961-இல் 'பாவமன்னிப்பு' திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் சேர்ந்தும் ஒலித்தது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' முஸ்லிம் அல்லாதார் வீடுகளிலும் விடியற்காலையில் கேட்கும் பாட்டு. எதிர்வீட்டு மாமிக்கும் மனப்பாடம். கச்சேரி இசைக்கு இச்சென்னையில் நூலகங்களும் விமர்சகர்களும் ஏராளம். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவுதான். ஹனிபாவுக்கும் காயல் ஷேக் முகம்மதுவுக்கும் அத்தகைய ஆய்வு எவ்வளவு நடந்திருக்கிறது? எங்கள் வீட்டிலுள்ள ஒலிநாடா உறைகள் பலவற்றில் பாடலாசிரியர் பெயர்கூட இல்லை. எந்தப் பாட்டின் மெட்டு எந்த இந்திப் படத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வொருவராக வஃபாத்தாகி வருகின்றனர்.

வளைகுடாவுக்கு உழைக்கச் சென்றோர் 1970-களின் பிற்பகுதியிலிருந்து கொண்டுவந்த ஒலிப்பதிவுப் பெட்டிகள் இந்தியாவின் இசைப் பழக்கத்தையே மாற்றின என்று பீட்டர் மானுவேல் 1993-இல் எழுதினார். நம் குடும்பங்களுக்கு அது ஏட்டுச் செய்தியன்று. எங்கள் வாப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்டி, அதன் இரு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் பதிவாகும் என்ற அதிசயம், எல்லாம் நினைவிருக்கின்றன.

நானா கண் சிகிச்சைக்காகச் சென்னை வந்து எங்களுடன் பத்து நாட்கள் தங்கினார். மகள் எதையும் வற்புறுத்தவில்லை. ஒருநாள் அவரே, "என்னதான் எழுதப் போறே, காட்டு" என்றார். அவள் எழுதியிருந்த பதினைந்து பக்கங்களை, கண்ணில் மருந்து ஊற்றியிருந்தமையால், நான் படிக்க அவர் கேட்டார். முடிந்ததும் வெகுநேரம் பேசவில்லை. "நான் சம்மதம்னு சொல்ல மாட்டேன். ஆனா தடுக்கவும் மாட்டேன். தொழுகையை விட்டுடாதே, புள்ள" என்றார். ஊர் திரும்பிய பின் ஓர் அட்டைப் பெட்டி வந்தது; உள்ளே அறுபத்து மூன்று ஒலிநாடாக்கள்.

அவற்றுள் ஒன்றில் எங்கள் மர்ஹூமா உம்மாவின் குரல் இருந்தது. 1983-இல் லாத்தாவின் திருமணத்துக்கு முந்தைய இரவு, பெண்கள் கூடிய உள்ளறையில் உம்மாவும் சாச்சிமாரும் பாடியது. ஆய்வுக்கு இதைவிட அரிய சான்று கிடைக்காது. ஆனால் அந்நிய ஆண்கள் கேட்பதற்கென்று உம்மா பாடவில்லை. நானா தொலைபேசியில் ஒன்றே சொன்னார்: "அது வெளியிலே போகக் கூடாது." மகள் மறுபேச்சுப் பேசவில்லை. பாடலின் சொற்களை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, எவ்வளவு வெளியிடலாம் என்பதை லாத்தாவிடமும் உயிரோடிருக்கும் ஒரு சாச்சியிடமும் கேட்டுத்தான் முடிவு செய்வதென்று வைத்திருக்கிறாள். அவ்விருவரும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. விஷயம் இன்னும் அப்படியே நிற்கிறது. விண்ணப்பம் போடப்பட்டுவிட்டது, இன்ஷா அல்லாஹ் வகுப்புகள் ஆடியில் தொடங்கும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பெட்டி இருக்கலாம். தயவுசெய்து பழைய பொருள் வாங்குவோரிடம் போட்டுவிடாதீர்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வெண்மையாகத் தெரிந்தால் ஓட்டிப் பார்க்காமல், அறிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும். நாடாப் பெட்டியின் மேல் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் தாழை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறொன்று தவறிப் பதிவாகாது. ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகில் வைக்காமல், உலர்ந்த இடத்தில், புத்தகங்களைப் போல நிமிர்த்தி வையுங்கள். உறையின்மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள்: யார் பாடியது, யார் வீட்டுத் திருமணம், எந்த ஆண்டு. வீட்டிலுள்ள வயதானவர்களை இந்த வாரமே கேட்டு எழுதுங்கள்.